ஏழு நாள் முந்திய தேதி

முதல் சொட்டு கண்ணில் விழுந்ததும் ஆவுடையப்பன் மனசுக்குள் ஒன்று என்று தொடங்கினார். கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு மருந்து எழுதியிருந்தது, வெள்ளை மூடி போட்டது ஒன்று, ரோஸ் மூடி போட்டது ஒன்று. வெள்ளையை விட்டுப் பத்து நிமிஷம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு அப்புறம் ரோஸ். பத்து நிமிஷம் என்றால் அறுநூறு. முப்பத்தொரு வருஷம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக நின்றவருக்கு அறுநூறு எண்ணுவது மூச்சு விடுகிற மாதிரி. ஆபரேஷன் முடிந்து சென்னையில் மகள் வீட்டுக்கு வந்து இது ஆறாவது நாள், நாளைக்கு நாலு வேளை வீதம் இதுவரை இருபது தடவை எண்ணியாயிற்று, மகள் செல்போனைப் பார்த்து "போதும்பா" என்று சொல்கிறபோது அவர் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டிலோ அறுநூற்றிரண்டிலோ இருப்பார், அதற்கு மேல் பிசகியதில்லை. இன்றைக்கு நாற்பத்து மூன்றிலேயே பிசகியது. நாற்பத்து மூன்றுக்கு அப்புறம் மறுபடியும் நாற்பத்து மூன்றே வந்தது. மருந்து கண்ணிலிருந்து எந்த வழியாகவோ தொண்டைக்கு இறங்கிக் கசந்தது, கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படி வந்து சேருகிறது, உள்ளே எல்லாவற்றுக்கும் ஒரு பாதை இருக்கிறது போலிருக்கிறது, ஒரு இடத்தில் விட்டால் வேறொரு இடத்தில் கசக்கிறது. மூடிய இமைக்குள் வெளிச்சம் செங்கல் நிறத்தில் கிடந்தது. சொட்டு விடுவதற்குச் சற்று முன்னால்தான் மகள் செண்பகவல்லி ஒரு லெட்டரை வாசித்துக் காட்டினாள், இங்கிலீஷில் அடித்திருந்ததைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். ஆவுடையப்பன் ஆகிய நான் எழுதிக்கொள்வது, என் மகள் பிறந்தது 1988 நவம்பர் மூன்றாம் தேதி, நகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் இத்துடன் இருக்கிறது, 1993இல் அவளைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் பெற்றோரைக் கேட்காமல் தாமாகவே 1988 மே இருபத்தைந்து என்று எழுதிவிட்டார், அறியாமையால் நாங்கள் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டோம். கீழே அவருடைய கையெழுத்துக்கு ஒரு கோடு. "கண்ணைத் திறந்ததும் இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்கப்பா, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்" என்றாள். அவர் ம் என்றார். ம் என்றால் சரி என்றும் இருக்கலாம், கேட்டுக்கொண்டேன் என்றும் இருக்கலாம். எந்த ம் அது என்று அவருக்கே விளங்கவில்லை. ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் ரெஜினாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரெஜினா அவளோடு அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அந்தப் பெண் பேசினால் போனை ஸ்பீக்கரில் போட வேண்டியதே இல்லை, போட்டிருந்தாள். "விருது ஆபீஸ்ல என்னதான் சொன்னாங்க?" என்றாள் ரெஜினா. "பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்ல என்ன தேதியோ அதுதானாம். ஆனா பள்ளிக்கூடத்துல நடந்த தப்புன்னு அப்பாவோ அம்மாவோ எழுதிக் கொடுத்தா கமிட்டி முன்னால வைப்பாங்களாம். வைப்போம்னு சொன்னாரு, ஒத்துக்குவோம்னு சொல்லல." "ஏழு நாளு. ஏழே ஏழு நாளு. உங்க ஊரு ஹெட்மாஸ்டர் ஒரு வாரம் படுத்துத் தூங்கிட்டு வந்து எழுதியிருந்தா நீ தப்பிச்சிருப்ப." "அந்த மனுசன் வீட்ல காலண்டர் இல்ல போல." "அது சரி, முப்பத்தெட்டு வயசுல இளம் விஞ்ஞானின்னு ஃபாரம் போடுறதுக்கு உனக்கு வெக்கமா இல்லையாடி?" "வெக்கப்பட்டுக்கிட்டேதான் நிரப்புதேன்." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த இடத்தில் செண்பகவல்லி ஒரு பெருமூச்சு விட்டாள், ரெஜினாவுக்கு அது கேட்டிருக்காது, இவருக்குக் கேட்டது. இளம் விஞ்ஞானி விருதுக்கு எழுதுகிறவர் 1988 ஜூன் ஒன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும், பெண்களுக்கென்று கொடுக்கிற மூன்று வருஷச் சலுகையைச் சேர்த்தே அந்தக் கணக்கு. மே இருபத்தைந்திலிருந்து ஜூன் ஒன்றுக்கு ஏழு நாள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று, ஒன்று. ஏழுதான். நேற்று எண்ணியபோதும் ஏழு, இன்று காலையில் பல் தேய்க்கும்போது எண்ணியதும் ஏழு. எத்தனை தரம் எண்ணினால் ஒன்று குறையும்?

இது அவள் போடுகிற மூன்றாவது விண்ணப்பம். கிடைத்தால் ஐந்து வருஷத்துக்குத் தனியாக ஓர் ஆய்வுக்கூடம், தன் பேரில், தனக்குக் கீழே நாலு பேர். கிடைக்காவிட்டால் செப்டம்பரோடு இப்போதிருக்கிற ஒப்பந்தம் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் பார்ப்போம் என்கிறாள், பார்ப்போம் என்று அவள் சொல்கிற தினுசு அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் வருஷம் அவள் எழுதிய திட்டமே தேறவில்லை. இரண்டாம் வருஷம் நேர்முகம் வரை போனாள், போன பிற்பாடு விண்ணப்பத்தில் வைத்திருந்த ஒரு படம், ஏதோ அளவெடுத்துப் போட்ட படம், மறுபடி செய்து பார்த்தால் அதே மாதிரி வரவில்லையாம், அதை எடுத்துவிடுங்கள் என்று அவளே எழுதிப் போட்டாள், கூடவே விருதும் போயிற்று. யாரும் கேட்கவில்லையே, நீயாக ஏன் சொன்னாய் என்று அவர் போனில் கேட்டார். "அது தப்புப்பா" என்றாள், அவ்வளவுதான். அவளுடைய படிப்புக்கு சிஸ்டம்ஸ் பயாலஜி என்று பேர். முதல் தடவை கேட்டபோது மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். உயிரணு ஒன்றுக்குள்ளே ஆயிரக்கணக்கில் சாமான் இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன என்று ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள், எல்லாம் சேர்ந்து எப்படி ஒரு முடிவு எடுக்கிறது என்பதுதான் தெரியவில்லை, அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம் என்றாள். தீனி குறைந்தால் ஈஸ்ட் வளர்வதை நிறுத்திக்கொண்டு தூங்கப் போகிறது, போ என்று யார் சொன்னது, சொல்கிற ஆள் உள்ளே ஒருத்தரும் இல்லை. "உங்க பஸ் ஸ்டாண்டுதாம்பா. ஒரு வண்டியை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாதுல்ல. எட்டயபுரம் வண்டி லேட்டானா கழுகுமலை வண்டிக்காரன் ஏன் சண்டை போடுதான்னு முழு ஸ்டாண்டையும் பார்த்தாத்தானே தெரியும்" என்றாள். அவருக்குப் புரிந்தது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் சொல்கிற ஆள் இருந்தார். விசிலும் நோட்டுமாக அவர் இருந்தார். நூற்றுப் பத்தா, நூற்று இருபதா, எங்கே விட்டோம்?

தலைமையாசிரியர் ஞானமுத்து வாத்தியார் கேட்காமல் எழுதவில்லை. கேட்டார். அந்த அறையில் சுண்ணாம்பு வாசனை, ஜன்னலோரம் ஒரு மண்பானை, மேஜை மேல் நீளமான சேர்க்கைப் பதிவேடு. ஜூன் மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால். பிள்ளை காதைத் தொடட்டும் என்றார் வாத்தியார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயசு என்று அந்தக் காலத்தில் கணக்கு. செண்பகவல்லி கையைத் தூக்கினாள், விரல் காதுக்கு நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது, முக்கினாள், நாக்கைக் கடித்தாள், பின்னால் நின்ற இவர் அவள் தலையை லேசாக வலது பக்கம் அமுக்கினார், தொட்டுவிட்டாள். வாத்தியார் பார்த்துவிட்டார். "தலையைச் சாய்ச்சா யானைக்குட்டிக்கும் எட்டும்வே" என்று சிரித்தார். நல்ல மனுஷர். பிறந்தது எப்போ என்றார், ஐப்பசி என்றார் இவர். "அப்போ நாலரைதான் நடக்கு. அஞ்சு முடியணுமே. ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிடுதேன், சரியா?" பேனா மூடியைக் கழற்றினார். இவர் பதிவேட்டைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பத்தொன்பது பேர் எழுதியிருந்தது. பத்தொன்பதில் பதினாலு பேருக்கு ஜூன் ஒன்று. எண்ணிவிட்டார், எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது. பதினாலு பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்தார்கள் என்று எவன் நம்புவான், என்றைக்காவது ஓர் ஆபீசர் வந்து இந்தப் பக்கத்தைப் புரட்டினால் முதலில் இந்தப் பதினாலைத்தானே தள்ளிவைப்பான், பொய் சொல்வதென்றால் மெய் மாதிரி இருக்க வேண்டாமா? "ஜூன் ஒண்ணு வேண்டாம் சார்" என்றார். "பெறகு?" "மே இருவத்தஞ்சு." "அதென்ன இருவத்தஞ்சு?" "ஒரு வாரம் முந்தியே இருக்கட்டும் சார். வண்டிக்கும் அப்படித்தான் வச்சிருக்கேன், நேரத்துக்கு முந்தி ஸ்டாண்டுக்குள்ள வந்து நின்னுட்டா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்." வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதீரா? பிற்காலத்துல மாத்த முடியாது" என்று இரண்டாம் தடவை கேட்டார். இருவத்தஞ்சே போடுங்க என்றார் இவர், வெளியே வரும்போது அன்றைக்கு ஒரு வேலையைப் பிசகில்லாமல் முடித்த திருப்தி இருந்தது, தெருமுனையில் நின்று பிள்ளைக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

நிஜமாகவே வாத்தியார் ஜூன் ஒன்று என்றாரா? அவர் சொல்லாமல், இந்த ஏழு நாள் சங்கதி தெரிந்த பிறகு நானாக அவர் வாயில் வைத்துவிட்டேனோ? மூன்று நாளாக ஓட்டிப் பார்த்துப் பார்த்து அந்த அறை தேய்ந்துபோய்விட்டது, மண்பானை ஒரு தடவை வலப்பக்கம் இருக்கிறது, ஒரு தடவை இடப்பக்கம் இருக்கிறது. ஒருவேளை வாத்தியார் ஏதாவது ஒரு தேதி போடுவோம் என்று மட்டும் சொல்லியிருந்தால் இதில் தன் பங்கு பாதிதான். பாதி என்றால் மூன்றரை நாள். ஆனால் பத்தொன்பதும் பதினாலும் மாறவே இல்லை, எந்தப் பக்கமிருந்து போனாலும் அந்த எண்கள் அங்கேயே நிற்கின்றன, பதினாலு ஜூன் ஒன்றைக் கண்டதால்தானே வேண்டாம் என்று சொன்னது, ஜூன் ஒன்று என்று அவர் சொல்லாமல் அதை எண்ணியே இருக்க மாட்டோமே. அப்படியானால் கேட்டார், கேட்டதுதான். ஏழும் தன் பங்குதான். அது போகட்டும், ஒரு வருஷம் பொறுத்துச் சேர்த்திருந்தால் காதும் எட்டியிருக்கும், தேதியும் தேதியாக இருந்திருக்கும். பொறுத்திருக்கலாமா? மனைவி பேச்சியம்மாள் அப்போது தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள், பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை, இவரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். முந்தின சனிக்கிழமை பத்து நாற்பது. விளாத்திகுளம் வண்டி. அவர் நோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விசில் ஊதினார். பெஞ்சைப் பார்க்கவில்லை. வண்டி பின்னால் வந்தது, கண்டக்டர் வண்டியின் பக்கவாட்டில் தட்டி வா வா வா என்கிறான், டீசல் புகை, புகைக்குள்ளே தரையில் மஞ்சளாக ஒரு கவுன், குத்தவைத்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. பூக்காரப் பெண் ஒருத்தி கவுனின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். சக்கரம் வட்டத்தின் மேல் ஏறிப் பாதியை அழித்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் ஒன்றும் வையவில்லை, பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வண்டி பத்து நாற்பத்திரண்டுக்குப் புறப்பட்டது, இரண்டு நிமிஷம் தாமதம் என்று நோட்டில் எழுதினார், கை நடுங்காமல் எழுதினார், அதுதான் இன்றைக்கும் அவருக்கு விளங்காத ஒன்று. பேச்சியம்மாளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். இப்போது மூடிய கண்ணுக்குள் செங்கல் நிறம் மஞ்சளாகிறது, சக்கரம் பின்னால் வருகிறது, நிற்கிறது, வருகிறது.

பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் வந்த அன்று, இதென்னப்பா மே மாசம் போட்டிருக்கு என்று செண்பகவல்லி கேட்டாள். அந்த வாத்தியாரே போட்டுட்டாரு என்றார். முதல் பொய் பதிவேட்டில், இரண்டாவது அது. யார் பிள்ளையைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்தநாளை வாத்தியார்மார்தான் கொடுத்தார்கள். அதனால் அது உதட்டைவிட்டு லேசாகப் போய்விட்டது. இன்றைக்கு மூன்றாவது, இதுதான் எழுத்தில், கையெழுத்தோடு. போட்டால் யாருக்கு நஷ்டம்? ஞானமுத்து வாத்தியார் செத்துப் பதினோரு வருஷம். டில்லியிலோ எங்கேயோ ஒரு கமிட்டி அவர் பேரைக்கூட வாசிக்கப் போவதில்லை, தலைமையாசிரியர் என்று மட்டும்தான் லெட்டரில் இருக்கிறது. போடாவிட்டால் யாருக்கு நஷ்டம் என்பது தெரிந்ததே, அது அந்த மேஜையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறது. பிறகென்ன, கண்ணைத் திறந்து போட்டுவிட வேண்டியதுதான். ஆனால் பெற்றோரைக் கேட்காமல் என்ற வார்த்தைக்கு வரும்போதெல்லாம் அந்த மனுஷர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, நெசமாத்தான் சொல்லுதீரா என்று கேட்கிறார். கேட்டவரைக் கேட்கவில்லை என்று எப்படி எழுதுவது? மகளுக்காக எழுதலாம். மகளிடமே எழுதிக் கொடுப்பதா? அவளுக்காகப் போய்ச் சொன்ன தேதிதான் அவளை மறிக்கிறது, அதை எடுக்க இன்னொன்று சொன்னால் அது எங்கே போய் எப்போது கசக்கும்? இருநூறு. இருநூறு இல்லை. முந்நூறைத் தாண்டியிருக்க வேண்டும். ரெஜினாவின் குரல் எப்போது நின்றது? போனை வைத்துவிட்டாளா? எண்ணிக்கை முழுசாகக் கையைவிட்டுப் போயிற்று, அறுநூறில் எங்கே இருக்கிறோம் என்று கொஞ்சமும் தெரியவில்லை, நடு ரோட்டில் வண்டியிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"செண்பா" என்றார்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குப்பா. திறக்காதீங்க."

"திறக்கலை. அந்த வாத்தியாரு கேட்டாரு தாயி."

"என்ன கேட்டாரு?"

"ஜூன் ஒண்ணு போடவான்னு கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு. நாந்தான் வேண்டாம், இருவத்தஞ்சு போடுங்கன்னேன்."

லேப்டாப்பில் தட்டும் சத்தம் நின்றது. கண் மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று, அவள் முகத்தைப் பார்த்திருந்தால் மேற்கொண்டு ஒரு வார்த்தை வந்திருக்காது.

"ஜூன் ஒண்ணா" என்றாள். "ஜூன் ஒண்ணுன்னு இருந்தா எனக்கு இந்த லெட்டரே வேண்டாமேப்பா. அப்படியே போட்டிருப்பேனே."

"ஆமா."

"ஏன் வேண்டாம்னீங்க?"

"எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் ஒண்ணு போட்டிருந்துச்சு. பத்தொன்பதுல பதினாலு. பொய்யின்னு தெரிஞ்சிரும்னு நெனச்சேன்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா வேறெதுவுமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "பொய் சொல்றதுலயும் டைம் கீப்பர் வேலையா" என்றாள். பிறகு, "அப்படி என்னதான் அவசரம்? அடுத்த வருஷம் சேர்த்தா என்ன?"

அவர் சொன்னார். விளாத்திகுளம் வண்டி, விசில், சாக்பீஸ், கவுன், பூக்காரப் பெண் எல்லாம் ஒரே மூச்சில், முப்பத்துச் சொச்சம் வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாததை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"உனக்கு எப்படி இருக்கும். நாலு வயசு ஏழு மாசம்."

நாற்காலி நகர்ந்தது. அவள் எழுந்து பால்கனிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வரும் காலடி கேட்டது. "அப்பா, இதை எழுதினா அவ்வளவுதான். பெத்தவங்களே வேணும்னு மாத்திச் சொன்னதுன்னா எந்தக் கமிட்டியும் தொடாது. இப்ப இருக்கிறபடியே அனுப்பினா ஏதோ கொஞ்சம் வழி இருக்கு. தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது."

"தெரிஞ்சும் ஏன் இப்பச் சொன்னீங்க? கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

எண்ணிக்கை தவறிப்போனதால் சொன்னேன் என்று சொன்னால் விளங்குமா? "கேட்டவரைக் கேக்கலைன்னு போட்டிருக்கு தாயி" என்றார்.

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். லேப்டாப்பில் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டும் சத்தம் கேட்டது, எழுத்துகளை அழிக்கிறாள், முப்பது, நாற்பது, எண்பது வரை எண்ணினார், இந்தத் தடவை பிசகவில்லை. அப்புறம் தட்டுதல் மாறியது, நின்று நின்று வந்தது. வாசித்தாள். "1993இல் என் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். நானே 1988 மே இருபத்தைந்து என்று மாற்றிச் சொன்னேன். அறியாமையால் இவ்வாறு செய்துவிட்டேன்."

"அறியாமையால இல்ல. அதை எடு."

"அது ஒண்ணாவது இருக்கட்டும்பா. அது இருந்தாத்தான் கொஞ்சமாவது பாவம் பாப்பாங்க."

"எனக்கு எல்லாம் தெரியும். ஐப்பசின்னு தெரியும். நாலரைன்னு தெரியும். எடு."

எடுத்தாள். "வேற என்ன போடட்டும் அந்த இடத்துல? காரணம்னு ஒண்ணு எழுதணும்ல?"

"வண்டி பின்னால வந்துச்சுன்னு போடு."

"அதைப் படிச்சா அவங்களுக்கு ஒண்ணும் புரியாதுப்பா" என்றாள். ஆனாலும் தட்டினாள். தட்டிக்கொண்டே, "நவம்பர் மூணு நெசந்தானே? அதுலயும் ஏதாவது வச்சிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிருங்க, ஒரேயடியா எழுதிருதேன்" என்று கேட்டாள்.

"அது மூணேதான்."

"எத்தன மணிக்கு?"

அவர் யோசித்தார். அன்றைக்குப் பேச்சியம்மாள் பிரசவத்துக்குப் போன ஊரிலிருந்து வந்த சாத்தூர் வண்டியின் கண்டக்டர், படியில் தொங்கிக்கொண்டே கையை ஆட்டி, பொம்பளப் பிள்ளை, ரெண்டு பேரும் சௌக்கியம் என்று கத்திக்கொண்டு ஸ்டாண்டுக்குள் நுழைந்தான். அவர் வழக்கப்படி முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"பொறந்த நேரம் எனக்குத் தெரியாது தாயி" என்றார். "சேதி வந்த நேரம்தான் தெரியும். நாலு பத்து."

அது லெட்டருக்கு வேண்டாத சங்கதி. இருந்தும் அவள் அதைத் தட்டும் சத்தம் கேட்டது.